சாண்டோரினியில் ஒன்பது மணி நேரம் என்று விற்பதை முதலில் நிறுத்துங்கள்

மத்தியதரைக் கடல் கப்பல் சுற்றுலா அட்டவணை எதை எடுத்தாலும் ஒரு வரி இருக்கும்: 'சாண்டோரினி, காலை 7 முதல் மாலை 4 வரை'. பக்கத்திலேயே அந்தக் கிரேக்கத் தீவின் வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? ஒன்பது மணி நேரம் ஊரைச் சுற்றலாம் என்றுதானே? ஜூலை, ஆகஸ்டில் அங்கே உருப்படியாகக் கிடைப்பது மூன்று மணி நேரம். அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். இது டிக்கெட் விற்கிற ஏஜென்ட்டுக்கும் தெரியும், கப்பல்காரர்களுக்கும் தெரியும். லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறவருக்கு மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. வயிறு எரிகிறது.

அந்த ஒன்பது மணி நேரம் எங்கே போகிறது? இந்தத் தீவில் பெரிய சுற்றுலாக் கப்பல் வந்து அணைய மேடையே கிடையாது. எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில்தான் கடல் நிற்கிறது, 300 மீட்டருக்கு மேல் ஆழம். நங்கூரம் பிடிக்காமல் பல கப்பல்கள் இன்ஜினை ஓட்டிக்கொண்டே நடுக்கடலில் நிற்கும். அங்கிருந்து சிறு படகில், டெண்டர் என்பார்களே, அதில் ஏற்றித்தான் கரைக்குக் கொண்டுபோவார்கள். '7 மணி' என்பது கப்பல் வந்து நிற்கிற நேரம். அதன்பிறகு துறைமுக அனுமதி வர வேண்டும். முதல் படகுகள், தீவைச் சுற்றிக் காட்டும் சுற்றுலாவைக் கப்பலிலேயே வாங்கியவர்களுக்கு. அடுத்து பெரிய அறைக்காரர்கள், பழைய வாடிக்கையாளர்கள். தனியாகப் போகிறவர் கையில் ஒரு எண்ணைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். அவர் படகில் கால் வைக்கும்போது எட்டரை, ஒன்பது ஆகியிருக்கும்.

படகு கொண்டுபோய் விடுவது ஸ்காலா என்ற பழைய துறையில். தீவின் முக்கிய ஊரான ஃபிரா தலைக்கு நேர் மேலே, செங்குத்துப் பாறையின் உச்சியில் இருக்கிறது. மேலே போக மூன்றே வழி: கேபிள் கார், படிக்கட்டு, கழுதை.

இப்போது கேபிள் கார் கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர், ஆக ஒரு நடைக்கு 36 பேர். ஏறும் நேரம் மூன்று நிமிடம்தான். ஆனால் ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு திசையில் மணிக்கு 600 பேர், அதற்கு மேல் அந்தக் கம்பி இழுக்காது. தீவு நிர்வாகம் ஒரு நாளைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 8,000 கப்பல் பயணிகள். 8,000-ஐ 600-ஆல் வகுத்தால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகிறது! எல்லாரும் கேபிள் காரில் ஏறப்போவதில்லை, சரி. பாதிப் பேர் என்றே வைத்தாலும் ஆறரை மணி நேரம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு இது. ஆயிரக்கணக்கில் ஆள் கொள்ளும் கப்பல்களை ஒரே காலையில் மூன்று நான்கு அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதா?

ஏறும் வரிசையைவிட இறங்கும் வரிசைதான் மோசம். இதைத்தான் யாருமே சொல்வதில்லை. கப்பலிலேயே அந்தச் சுற்றுலாவை வாங்கியவர்களை காலையில் ஸ்காலாவுக்குக் கொண்டுவர மாட்டார்கள். அத்தினியோஸ் என்ற இன்னொரு துறையில் இறக்கி, அங்கிருந்து பேருந்தில் மேலே ஏற்றிவிடுவார்கள். ஆனால் சுற்றிக் காட்டி முடித்ததும் ஃபிராவில் கொண்டுவந்து விட்டு, கையில் கேபிள் கார் டிக்கெட்டைக் கொடுத்து 'இனி நீங்களே இறங்கிக்கொள்ளுங்கள்' என்று விடுகிறார்கள். காலையில் அந்தக் கம்பிப் பக்கமே வராத கூட்டமும் மதியம் அதே வரிசையில் வந்து நிற்கும். கடைகளுக்கு நடுவே குறுகிய சந்தில், வெயிலில், ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். மடக்குக் குடையை விரித்துக்கொண்டு மூட்டுவலிக்காரப் பாட்டிகள் நிற்பார்கள், உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. 'எங்கள் சுற்றுலாவை வாங்கியிருந்தால் இந்தக் கஷ்டமே இல்லையே' என்று கப்பல் மேசையில் சொல்வார்கள். அந்தச் சுற்றுலாக்காரரும் அதே வரிசையில்தான் நிற்கிறார், தனியாகப் போனவருக்குப் பின்னால்! வித்தியாசம் ஒன்றே ஒன்று: அவர்கள் குழு தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது.

சரி, படிக்கட்டு? 588 படிகள். கழுதைகளும் கோவேறு கழுதைகளும் காலங்காலமாக ஏறி இறங்கிக் கல் மழமழவென்று தேய்ந்து கிடக்கிறது. அதன்மேல் சாணமும் மூத்திரமும். பிடிப்பில்லாத செருப்போடு இறங்கினால் வழுக்கி விழாமல் வருவது கஷ்டம். இறங்க அரை மணி நேரம் வையுங்கள், ஏற முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. நிழல் அறவே இல்லை. கழுதைக் கூட்டம் ஆளில்லாமல் மொத்தமாக இறங்கி வரும்போது கைப்பிடிச் சுவர் பக்கம் நிற்காதீர்கள், மலையை ஒட்டிய பக்கம் ஒதுங்குங்கள்.

தயவுசெய்து கழுதைமேல் ஏறாதீர்கள். 100 கிலோவுக்கு மேல், அல்லது விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்று கிரேக்க அரசு 2018-இல் விதி போட்டது. இந்த வெயிலில், இந்தப் படியில், நாள் முழுக்க மேலும் கீழும். நம் ஒரு மணி நேர அவசரத்துக்கு அந்த வாயில்லா ஜீவன் முதுகு தேய வேண்டுமா?

அடுத்த ஏமாற்று, தீவின் வடமுனை ஊரான ஓயாவில் சூரிய அஸ்தமனம். மாலை 4 மணிக்குக் கிளம்புகிற கப்பலின் விளம்பரத்திலும் அந்தப் படத்தைப் போடுகிறார்கள். ஜூலையில் அங்கே சூரியன் மறைவதே எட்டரை மணி வாக்கில்! இரவு 9 மணி வரை நிற்கிற கப்பலாக இருந்தாலும் நடக்காது. ஓயாவிலிருந்து ஃபிராவுக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம். பேருந்தில் சாதாரணமாக 25 நிமிடம், அஸ்தமனம் முடிந்ததும் மொத்த ஊரும் அதே சாலையில்தான் திரும்பும். அதற்குப் பிறகு கம்பி வரிசை, அதற்குப் பிறகு படகு.

பகலில் ஓயா போக வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. ஸ்காலாவில் இறங்கியதும் ஓயாவுக்கு நேராகப் படகு விடுகிறவர்கள் டிக்கெட் விற்பார்கள். கீழே அம்மூடித் துறையில் இறக்கி, அங்கிருந்து வண்டியில் ஓயாவுக்கு ஏற்றி, பிறகு ஃபிராவுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். ஏறும் வரிசை மிச்சம். இறங்கும் வரிசையிலிருந்து இதிலும் தப்ப முடியாது. ஃபிராவிலிருந்து பொதுப் பேருந்தில் போகிறவர்கள் சில்லறையாக யூரோ வைத்திருங்கள், நடத்துநர் பேருந்திலேயே ரொக்கமாக வாங்குவார். பேருந்து நிலையத்திலிருந்து கேபிள் காருக்குப் பத்து நிமிட நடை, அதையும் கணக்கில் சேருங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கப்பல் 4 மணிக்குக் கிளம்பினால் கடைசிப் படகு பெரும்பாலும் 3 அல்லது 3.30. அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழியுங்கள். 1.30-க்கு ஃபிராவில் வரிசைக்கு வந்துவிட வேண்டும். வரிசை நீண்டு கிடந்தால், முழங்கால் நன்றாக இருப்பவர்கள் யோசிக்காமல் படியில் இறங்கிவிடுங்கள். இத்தாலியில் கிளம்பிய கப்பலாக இருந்தால் இன்னொரு கண்ணி இருக்கிறது: கிரேக்க நேரம் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னால். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பல் கடிகாரம் மாறியதா என்று முந்தின இரவே கேட்டுவையுங்கள். பாஸ்போர்ட் நகல் பையில் இருக்கட்டும். மேலே கிடைக்கிற நேரத்தில் ஒரு தட்டு ஃபாவாவும், தக்காளிக் கெஃப்டே என்ற பொரித்த தக்காளி வடையும் சாப்பிடுங்கள். நம்மூர் பருப்பு மசியல் போலவே இருக்கும் அந்த ஃபாவா, சைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை.

காற்று பலமாக அடித்தால் கேபிள் காரையே நிறுத்திவிடுவார்கள். படகும் ஓடாவிட்டால் கப்பல் தீவைத் தாண்டிப் போய்விடும். பொதுவாகத் திருப்பித் தருவது துறைமுகக் கட்டணத்தை மட்டும்தான்.

இதற்கெல்லாம் மேலே, 2025 ஜூலை 1 முதல் சாண்டோரினியிலும் மைகோனோஸிலும் இறங்கும் கப்பல் பயணிக்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைக்கு 20 யூரோ கட்டணம். தண்ணீருக்கும் குப்பைக்கும் நெரிசலுக்கும் நடுவே வாழ்கிற தீவு மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. காலை எட்டு மணிக்கே எல்லாக் கப்பலையும் கொண்டுவந்து குவிக்கிற அட்டவணைமேல்தான் கோபம். இரண்டு கப்பல் காலையில், இரண்டு கப்பல் மாலையில் என்று பிரித்தாலே பாதி வரிசை கரைந்துவிடும்.

எந்த நாளில் எத்தனை கப்பல் என்ற துறைமுகப் பட்டியல் பல மாதங்களுக்கு முன்பே இணையத்தில் கிடைக்கிறது. முன்பணம் கட்டும் முன் ஏஜென்ட்டை உட்கார வைத்துக் கேளுங்கள்: அன்றைக்கு எத்தனை கப்பல்? கடைசிப் படகு எத்தனை மணிக்கு? தனியாகப் போகிறவருக்கு முதல் படகு எப்போது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.