ஆஸ்டன் வில்லாவுக்குக் குறைந்த அந்த ஒரு புள்ளி

ஆகஸ்ட் வந்தால் போதும், "இந்த வருஷம் நமக்கு எத்தனையாவது இடம்?" என்று கணக்குப் போடாத ஆஸ்டன் வில்லா (இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து கிளப்) ரசிகர் கிடையாது. கணக்குப் போடுவதில் தப்பில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் தப்பான மேட்ச்களில் இருந்து தொடங்குகிறார்கள். லிவர்பூலை நம் மைதானமான வில்லா பார்க்கில் ஜெயிப்போமா, ஆர்சனலிடம் டிராவாவது கிடைக்குமா, சிட்டியிடம் என்ன ஆகும் என்று. சாம்பியன்ஸ் லீக், அதாவது ஐரோப்பாவின் முதல்நிலை கிளப் போட்டியில் ஆடும் இடம், அங்கே போவதில்லை. டேபிளின் அடியில் கிடக்கும் அணிகளிடமும், வாரநடுவில் ஐரோப்பாவில் ஆடிவிட்டுத் திரும்பும் சனி ஞாயிறிலும்தான் அது கை நழுவுகிறது. 2024-25 சீசனைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

அந்த சீசன் முடிந்தபோது டேபிள் இப்படி நின்றது. செல்சி 69 புள்ளிகளோடு நான்காவது. நியூகாசில் 66, ஐந்தாவது. வில்லாவும் 66, ஆறாவது. ஃபாரஸ்ட் 65, ஏழாவது. நியூகாசிலின் கோல் வித்தியாசம் +21, நம்முடையது +7. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம்தான் முடிவு செய்யும், அந்த வருஷம் ஐந்தாவது இடம் வரை சாம்பியன்ஸ் லீக். அவ்வளவுதான், அவர்கள் சாம்பியன்ஸ் லீக், நாம் அதற்கு அடுத்த நிலையான யூரோப்பா லீக்.

எல்லோரும் பேசுவது மே 25, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் ஆடிய கடைசி மேட்ச்சைப் பற்றித்தான். பேச வேண்டிய மேட்ச்தான். இடைவேளைக்குச் சற்று முன் நம் கீப்பர் எமிலியானோ மார்டினெஸுக்கு ரெட் கார்டு. 10 பேரோடு ஆடி, 73-வது நிமிடத்தில் மோர்கன் ராஜர்ஸ் யுனைடெட் கீப்பரிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்து வலைக்குள் உருட்டினார். பந்து கோட்டைத் தாண்டும் முன்பே விசில் ஊதியாகிவிட்டது, கோல் செல்லவில்லை. விசில் ஊதினால் ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பின் நடந்ததை விஏஆர் (வீடியோ பார்த்து உதவும் நடுவர்) எடுத்துப் பார்க்க வழியே இல்லை. அதனால்தான் இந்த மாதிரி இடங்களில் நடுவர் விசிலைத் தாமதித்து ஊத வேண்டும் என்கிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் யுனைடெட்டின் அமாட் டியாலோ கோல், பிறகு ஒரு பெனால்டி, 2-0. அதே நேரத்தில் நியூகாசில் சொந்த மைதானத்தில் எவர்டனிடம் 1-0 தோற்றுக்கொண்டிருந்தது. அன்று நமக்கு ஒரு டிரா போதும், 67 புள்ளி, ஐந்தாவது இடம்.

அந்த விசில் இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. ஆனால் 38 மேட்ச் சீசனில் ஒரு விசிலைத் தேடிப் போகும் நிலைக்கு நாம் வந்ததே தப்பு. ஏன் வந்தோம் என்பதற்கு நியூகாசிலோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்போம்.

இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய இரு மேட்ச்கள் சரிசமம். அவர்கள் ஊரில் 3-0 தோற்றோம், வில்லா பார்க்கில் 4-1 ஜெயித்தோம். புள்ளி ஆளுக்கு 3, கோல் ஆளுக்கு 4. இனி, அந்த வருஷம் கீழ் டிவிஷனிலிருந்து மேலே வந்து அதே வருஷம் கீழே இறங்கிய லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றையும் எடுங்கள். நியூகாசில் ஆறு மேட்ச்களையும் ஜெயித்தது: 1-0, 3-1, 4-0, 3-0, 4-0, 3-0. 18-க்கு 18 புள்ளி. 18 கோல் அடித்து ஒன்றே ஒன்று வாங்கினார்கள், +17. நாம் லெஸ்டரை இரண்டு தடவையும் 2-1, சவுத்தாம்ப்டனை 1-0, 3-0, இப்ஸ்விச்சோடு 2-2, 1-1. 14 புள்ளி, கோல் வித்தியாசம் +6.

இந்த ஆறையும், நேரடி மோதல் இரண்டையும் கழித்துவிட்டு மிச்சமுள்ள 15 அணிகளோடு ஆடிய 30 மேட்ச்களை மட்டும் பார்த்தால் வில்லாவுக்கு 49 புள்ளி, நியூகாசிலுக்கு 45. லீக்கின் மற்ற அணிகளுக்கு எதிராக நாம் நியூகாசிலைவிட 4 புள்ளி கூடுதலாக எடுத்திருக்கிறோம். அந்த 4 புள்ளியும் அப்படியே அடிமட்டத்தில் போய்விட்டது. கோல் வித்தியாசத்தில் இருந்த 14 இடைவெளியில் 11 அந்த மூன்று அணிகளிடம் வந்தது.

பிப்ரவரி 15, இப்ஸ்விச் வில்லா பார்க்குக்கு வந்த மேட்ச். 40-வது நிமிடத்தில் டுவான்செபே வெளியேற, அவர்கள் 10 பேர். 56-வது நிமிடத்தில் அந்தப் 10 பேரில் ஒருவர், லியாம் டெலாப், முதல் கோலை அடிக்கிறார். 69-ல் வாட்கின்ஸ் சமன் செய்கிறார். அதோடு சரி. இப்ஸ்விச் அந்த சீசனில் மொத்தமே 22 புள்ளி எடுத்து 19-வதாக முடித்தது. அதில் 2 நாம் கொடுத்தது. அந்த மேட்ச் ஜெயித்திருந்தால் 68 புள்ளி, ஓல்ட் டிராஃபோர்டில் என்ன நடந்திருந்தாலும் நமக்கு ஐந்தாவது இடம்.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? எதிரணி மேலே ஏறி வந்து ஆடினால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இடம் கிடைக்கும், வாட்கின்ஸும் ராஜர்ஸும் அங்கே ஓடுவார்கள். மேனேஜர் எமெரியின் திட்டமே எதிரணியைத் தன் பக்கம் இழுத்து, பிறகு அந்த இடைவெளியில் வேகமாகப் பாய்வது. பெரிய அணிகளிடம் அது நன்றாக வேலை செய்தது. சிட்டி, செல்சி, நியூகாசில், ஃபாரஸ்ட் நான்கையும் வில்லா பார்க்கில் ஜெயித்தோம். எதிரணி இழுத்தாலும் வராமல், பாக்ஸ் ஓரம் இரண்டு வரிசையாக உட்கார்ந்துகொண்டால் அந்தத் திட்டத்துக்கு வேலை இல்லை. அப்போது வேண்டியது ஓரத்தில் ஒருவரை ஏமாற்றித் தாண்டக்கூடிய விங்கர், கார்னரில் கோல், இல்லையென்றால் தூரத்திலிருந்து அடிக்கிற ஆள். ஹோமில் நாம் 19-ல் ஒன்றே ஒன்றுதான் தோற்றோம், அதுவும் ஆகஸ்டில் ஆர்சனலிடம். ஆனால் டிரா ஏழு. யுனைடெட், போர்ன்மவுத், பேலஸ், பிரைட்டன், வெஸ்ட் ஹாம், இப்ஸ்விச், லிவர்பூல். இதில் லிவர்பூலோடு 2-2 நல்ல முடிவு, அதை விட்டுவிடலாம். மற்ற ஆறில் நான்கு அணிகள் டேபிளின் கீழ்ப்பாதி.

அடுத்தது வாரநடு மேட்ச். பலரும் "ஐரோப்பாவில் ஆடினால் களைப்பு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தேதி வாரியாக வைத்துப் பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். சாம்பியன்ஸ் லீகின் முதல் கட்ட எட்டு மேட்ச்களுக்கும் அடுத்து வந்த லீக் மேட்ச்கள் இவை. யங் பாய்ஸுக்குப் பின் வுல்வ்ஸ், 3-1 வெற்றி. பயர்னுக்குப் பின் யுனைடெட், 0-0. பொலோன்யாவுக்குப் பின் போர்ன்மவுத், 1-1. புரூஜுக்குப் பின் லிவர்பூல், 0-2. யுவென்டஸுக்குப் பின் செல்சி, 0-3. லைப்சிகுக்குப் பின் ஃபாரஸ்ட், 1-2. மொனாக்கோவுக்குப் பின் வெஸ்ட் ஹாம், 1-1. செல்டிக்குப் பின் வுல்வ்ஸ், 0-2. எட்டில் ஒரு வெற்றி. 24 புள்ளியில் 6.

பிறகு ஜனவரி மாற்றங்கள். ஃபார்வர்டு டுரான் போனார். ராஷ்ஃபோர்ட், அசென்சியோ, டிசாசி கடனாக வந்தார்கள், மாலெனை வாங்கினோம். புதிதாக வந்தவர்களில் மூன்று பேரைத்தான் ஐரோப்பியப் பட்டியலில் சேர்க்க முடியும் என்பது ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் விதி, அதனால் மாலென் வெளியே நின்றார். அதாவது வாரநடுவில் ஆடாத, காலில் தெம்புள்ள ஒரு ஃபார்வர்டு சனிக்கிழமைக்குத் தயாராக இருந்தார். மார்ச் முதல் நாக்அவுட் மேட்ச்களுக்குப் பின் மூன்று நான்கு நாளில் வந்த லீக் மேட்ச்கள் மூன்று. பிரென்ட்ஃபோர்ட் 1-0, சவுத்தாம்ப்டன் 3-0, நியூகாசில் 4-1. மூன்றும் வெற்றி. இடையில் எதிரே நின்றது பிஎஸ்ஜி என்பதை மறக்க வேண்டாம். அதே மேனேஜர், அதே திட்டம். மாறியது பெஞ்ச். எதிரணிகளின் தரமும் ஒரு காரணம்தான், லிவர்பூலும் செல்சியும் முதல் எட்டில் விழுந்தன. ஆனாலும் 24-க்கு 6 என்பதை ஃபிக்ஸ்சர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

அந்த சீசனில் நியூகாசிலுக்கும் ஃபாரஸ்டுக்கும் ஐரோப்பா இல்லை. நியூகாசிலையே எடுத்தால் 2022-23-ல் 71 புள்ளி, நான்காவது. அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீகோடு 60 புள்ளி, ஏழாவது. அதே 2023-24-ல் வில்லா மூன்றாம் நிலை ஐரோப்பியப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக் அரையிறுதி வரை போயும் 68 புள்ளியோடு நான்காவது வந்தது. கான்ஃபரன்ஸ் லீகில் இரண்டாம் வரிசை ஆட்களை இறக்கி ஜெயிக்கலாம், பயர்னிடம் அது நடக்காது. எனவே "ஐரோப்பா இருக்கிறதா" என்பதோடு "எந்தப் போட்டி" என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இலக்கு எத்தனை புள்ளி? 2017-18 முதல் 2024-25 வரை எட்டு சீசன்களில் ஆறாவதாக வந்த அணி 66-க்கு மேல் எடுத்ததில்லை. 67 எடுத்தவருக்கு ஐந்தாவது இடம் நிச்சயமாக இருந்திருக்கும். 2016-17-ல் ஆறாவது வந்த யுனைடெட்டுக்கே 69. ஆகவே 70 வைத்துக்கொள்வது பத்திரம். 70-ஐ 38-ஆல் வகுத்தால் ஒரு மேட்சுக்கு 1.84. பத்து மேட்ச் முடிந்ததும் 18 புள்ளி இருந்தால் பாதையில் இருக்கிறோம், 14 என்றால் மிச்சம் 28 மேட்ச்சில் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி தேவை, அது பட்டம் போட்டியில் இருக்கும் அணியின் வேகம்.

ஐந்தாவது இடத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது எல்லா வருஷமும் சாம்பியன்ஸ் லீக் தராது. அந்த சீசனில் ஐரோப்பியப் போட்டிகளில் எந்த இரண்டு நாட்டு கிளப்கள் சராசரியாக அதிகப் புள்ளி எடுக்கின்றனவோ அவர்களுக்குத்தான் கூடுதல் இடம். 2023-24-ல் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போனது, ஐந்தாவது வந்த டாட்டன்ஹாம் 66 புள்ளியோடு யூரோப்பா லீகுக்குப் போனது. 2024-25-ல் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் கிடைத்தது. பயர்னை 1-0 ஜெயித்து, காலிறுதி வரை போய் வில்லா சேர்த்த புள்ளிகளும் அந்த ஐந்தாவது இடத்தைத் திறந்தன. அதில் போய் உட்கார்ந்தது நியூகாசில். இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைசி நிமிட கோல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்ன்மவுத் 96-வது நிமிடத்தில் சமன் செய்தது, 2 புள்ளி போச்சு. ஃபாரஸ்டில் 87-வது நிமிடம் வரை 1-0 முன்னிலை, 2-1 தோல்வி, 3 புள்ளி. சிட்டியில் 94-வது நிமிடம், 1 புள்ளி. ஆனால் செல்சிக்கு எதிராக அசென்சியோ 89-ல் அடித்து நமக்கு 2 புள்ளி தந்தார். இவை இரண்டு பக்கமும் விழும். அடுத்த சீசன் மதிப்பீட்டில் இதைச் சேர்த்தால் ஏமாந்துபோவோம்.

கோல் வித்தியாசத்தை மட்டும் குறை சொல்பவர்களுக்கு ஒன்று. வெளியூரில் தோற்ற ஒன்பது மேட்ச்களில் 4 அடித்து 24 வாங்கினோம். டாட்டன்ஹாம், செல்சி, நியூகாசில், பேலஸ் நான்கிடமும் மூன்று கோல் வித்தியாசத்தில் விழுந்தோம். அந்த நான்கையும் ஒரு கோலில் தோற்றிருந்தால்கூட +15 தான் ஆகியிருக்கும், 21-ஐத் தொட்டிருக்காது. சவுத்தாம்ப்டனில் விட்ட இரண்டு பெனால்டிகளையும் சேர்த்தாலும் +17. புள்ளியால் மட்டுமே அந்த இடத்தை எட்டியிருக்க முடியும்.

ஃபிக்ஸ்சர் வந்ததும் முதலில் புதிதாக மேலே வந்த மூன்று அணிகளின் ஆறு தேதிகளைக் குறியுங்கள், பக்கத்தில் 18-க்கு 16 என்று எழுதுங்கள். பிறகு ஐரோப்பியத் தேதிகளைப் போட்டு, அதற்கு அடுத்த லீக் மேட்ச்சில் எத்தனை நாள் இடைவெளி, ஹோமா அவேயா என்று பாருங்கள். எட்டு மேட்ச் என்றால் 12 புள்ளிக்குக் குறையக் கூடாது. ஸ்குவாடில் வாட்கின்ஸ் உட்கார்ந்தால் யார், டீலமான்ஸ் உட்கார்ந்தால் யார் என்று பெயர் எழுதிப் பாருங்கள். பெயர் வராத இடத்தில்தான் அந்த 12 குறையும். வேறு பிரீமியர் லீக் கிளப்பிலிருந்து கடனாக வந்தவர் இருந்தால் அந்தக் கிளப்போடு ஆடும் இரண்டு தேதிகளிலும் அவர் பெயரை அடித்துவிடுங்கள், விதிப்படி அவர் ஆட முடியாது. காயம் இல்லாமல் இருந்திருந்தாலும் ராஷ்ஃபோர்ட் அந்த மே 25-ல் ஓல்ட் டிராஃபோர்டில் இறங்கியிருக்க முடியாது. லிவர்பூல், ஆர்சனல், சிட்டி மேட்ச்களைக் கடைசியில் நிரப்புங்கள்.