ஃபோனில் பதிவு இருக்கிறது, கணக்கு இல்லை

"எல்லாமே ஜிபேயில்தான் போகிறது, அதிலேயே பதிவு இருக்கிறதே, தனியாகச் செலவுக் கணக்கு எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. யாருக்குப் பணம் போனது என்று ஃபோன் சொல்லும். எதற்குப் போனது என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

கடைக்காரரின் சொந்தப் பெயரில் 180 ரூபாய் போயிருக்கும். அது காய்கறியா, ஆட்டோவா, பஞ்சர் ஒட்டியதா என்று மாதக் கடைசியில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? சூப்பர் மார்க்கெட்டில் 2,300 ரூபாய் ஒரே வரியாக நிற்கும். அதற்குள் அரிசி, எண்ணெய், ஷாம்பு, யாருக்கோ வாங்கிய பிறந்தநாள் பரிசு எல்லாம் சேர்ந்து கிடக்கும். நண்பர்களோடு சாப்பிட்டு நீங்கள் 1,200 கொடுத்து, மற்றவர்கள் தங்கள் பங்கை அனுப்பியிருந்தால், செலவு ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று கணக்கே குழம்பிவிடும். முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்து, பின் நம்பர் போடாமலே சின்னத் தொகை அனுப்பும் யுபிஐ லைட் பயன்படுத்துகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். சின்னச் செலவுகள் வங்கி ஸ்டேட்மெண்டில் தனித்தனியாக வராது, லைட்டில் பணம் ஏற்றிய தொகை மட்டும்தான் வரும். ஏடிஎம்மில் எடுத்த 2,000 ரூபாயின் கதையும் அதுதான்.

சரி, எஸ்எம்எஸ் படித்துத் தானாகவே கணக்குப் போடும் ஆப்கள் இருக்கின்றனவே என்பீர்கள். அவற்றுக்கு நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். சம்பளம் எப்போது வருகிறது, தவணை எவ்வளவு, எந்த மருத்துவமனையில் கட்டினீர்கள், இருப்பு எந்தத் தேதியில் குறைகிறது, எல்லாம் அந்த எஸ்எம்எஸ்களில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆப்களில் சில கடனும் கொடுக்கின்றன. கையில் காசு இல்லாத நேரத்தை அறிந்தவர் கையில் கடன் வியாபாரமும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு, இலவச ஆப் என்றைக்கும் இருக்கும் என்றும் நம்ப முடியாது. அமெரிக்காவில் மிகப் பிரபலமாக இருந்த மிண்ட், 2009இல் இன்டியூட் நிறுவனம் வாங்கிய ஆப், 2024 மார்ச்சில் மூடப்பட்டது. பல ஆண்டுகளாக அதையே நம்பியிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

அதனால் நான் சொல்வது, நாற்பது பக்க நோட்டோ கூகுள் ஷீட்டோ எதுவானாலும் கையால் எழுதுங்கள். தேதி, தொகை, எதற்கு, யார் செய்தது. இவ்வளவு போதும். தலைப்புகளை ஏழு எட்டுக்கு மேல் போகவிடாதீர்கள். தலைப்பு கூடினால் எந்தச் செலவை எதில் போடுவது என்று யோசித்தே சலித்துப்போய் இரண்டாவது வாரத்தில் நோட்டை மூடிவிடுவோம். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கிரெடிட் கார்டில் வாங்கியதை வாங்கிய அன்றே எழுதிவிட்டால், கார்டு பில் கட்டும்போது மறுபடி செலவாக எழுதக் கூடாது.

எழுத ஆரம்பித்தவுடன் டீக்காசுதான் கண்ணை உறுத்தும். 'டீயை நிறுத்து, மாதம் 900 மிச்சம்' என்று அறிவுரை சொல்பவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். நாள் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவருக்கு அந்த டீ பத்து நிமிட ஓய்வு. அதில் கைவைக்காதீர்கள். பட்ஜெட்டை உடைப்பது மாதாமாதம் வராத செலவுகள்: ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், வண்டி இன்ஷூரன்ஸ், அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, தீபாவளித் துணி, முகூர்த்த மாதங்களின் மொய். இவை வரும் என்று நமக்கு முன்பே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் திடீர்ச் செலவு போலக் கடன் வாங்குகிறோம், நகையை அடகு வைக்கிறோம். ஓர் ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் இவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுக்கலாம். அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கிலோ, மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பான ஆர்டியிலோ போட்டுவிடலாம். 36,000 என்றால் மாதம் 3,000. மீதிதான் உங்கள் உண்மையான சம்பளம்.

மின் கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை கூடிவிடும். ஏசி ஓடும் கோடையில் மீட்டரை வாரம் ஒருமுறை பார்த்து அதே நோட்டில் குறித்துக்கொண்டால், 470இல் இருக்கும்போதே சுதாரித்துக்கொள்ளலாம்.

அப்புறம், இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விஷயம். பல வீடுகளில் கணக்கு எழுதுவது என்றால் மனைவி கணக்குக் காட்டுவது என்றுதான் அர்த்தம். மளிகைக்குக் கொடுத்த பணத்துக்கு வெங்காயம் வரை விவரம் கேட்பார்கள். கணவரின் பெட்ரோல், ஹோட்டல், நண்பருக்குக் கொடுத்த கைமாற்று எதுவும் அந்த நோட்டில் ஏறாது. அப்படி ஒரு நோட்டு இருப்பதைவிட இல்லாமலே இருக்கலாம். இருவர் செலவும் ஒரே நோட்டில் ஏற வேண்டும், மாதம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூடவே, யாரும் கணக்குக் கேட்காத ஒரு தொகை இருவர் கையிலும் இருக்க வேண்டும். அது 500 ரூபாயாக இருந்தாலும் சரி, சம்பாதிப்பவருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.