மண்ணு மேல பழி போடாதீங்க

அந்த ரீல் யார் போட்டதுன்னு சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்துட்டீங்க. 2015 நேபாள நிலநடுக்கத்துல காத்மாண்டு தர்பார் சதுக்கம், பழைய அரண்மனையும் கோயில்களும் இருக்கிற இடம், கிடந்த கிடப்பு, மேல ‘களிமண்ல கட்டினா இதான் கதி’ன்னு ஒரு வரி, கூடவே காமெடி மியூசிக். சிவில் படிச்சவங்களே கீழ வந்து ஹார்ட் விட்டிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்.

செங்கலை ஒட்ட வைக்கிற மண்ணு மேல தப்பில்லைங்க. அந்தச் சதுக்கத்துல இருந்த, ஊருக்கே பேர் கொடுத்த மர மண்டபம் காஷ்டமண்டபத்தை எடுத்துக்குங்க. விழுந்த பிறகு தோண்டிப் பார்த்தா, 7-ஆம் நூற்றாண்டு செங்கல் அஸ்திவாரம் அலுங்காம இருக்கு. மண்டபத்தைத் தாங்கினது நாலு பெரிய மரத்தூண். தூணோட அடியில ஒரு முளை, அது அடிக்கல்லோட குழிக்குள்ள உட்காரணும். ஆட்டம் வந்தா தூணை நகரவிடாம பிடிக்கிறது அதுதான். வடகிழக்குத் தூணுக்கு அந்தப் பிடிப்பே இல்லை. 1960கள்ல பழுதுபார்த்தவங்க அடிக்கல்லை மூடித் தரை போட்டு, தூணைச் சும்மா மேல நிறுத்திட்டுப் போயிட்டாங்க. இதுல மண் என்ன பாவம் பண்ணுச்சு?

‘அப்போ மத்த கோயில்லாம்?’னு கேப்பீங்க. காத்மாண்டு பள்ளத்தாக்கோட பூர்வீக மக்களான நேவார்கள் கட்டின கட்டடத்துக்கு உயிர் கூரையிலதான். சின்னச் சின்ன ஓடுகளை மண் மெத்தை மேல பதிப்பாங்க. இடுக்குல புல் முளைக்கும். வருஷா வருஷம் பிடுங்கலைன்னா வேர் ஓடுகளைத் தூக்கிடும், தண்ணி இறங்கும். நேரா சுவர் தலையில, கைமரம் உட்கார்ற இடத்துல போய் ஊறும். சால மரமே ஆனாலும் முனை இத்துப்போகும். மரத்தை மரத்தோட பிடிச்சு வைக்கிறது மர ஆப்புதான். மரம் இத்துப்போனா ஆப்பு தளரும். சுவரும் ஒரே கட்டு கிடையாது. வெளியில நல்ல சுட்ட செங்கல், உள்பக்கம் மட்டமான செங்கல், நடுவுல செங்கல் துண்டும் மண்ணும். ரெண்டையும் கோத்துப் பிடிக்கிற மரம் போச்சுன்னா வெளிச்சுவர் வயிறு தள்ளும். அப்புறம் குலுங்கினா பிரியாம என்ன செய்யும்?

சரி, மண் தண்ணிக்குத் தாங்காது. ஒத்துக்கறேன். அதுக்குத்தானே கூரை!

பக்கத்து ஊர் பக்தபூர்ல இருக்கிற நியாதபோலா கோயில் 1702ல கட்டினது. அதே செங்கல், அதே மண், அதே மரம். அஞ்சு அடுக்குக் கூரை, ஏறக்குறைய 30 மீட்டர் உசரம். 1934 பெரிய நிலநடுக்கத்தையும் பார்த்துச்சு, 2015ஐயும் பார்த்துச்சு. மேலடுக்குல கொஞ்சம் சேதம், அவ்வளவுதான். ‘அதிர்ஷ்டம்’னு ஒருத்தர் கமெண்ட்ல எழுதுவார். ரெண்டு தடவையுமா சார்?

‘திருப்பிக் கட்டும்போது சுவர் மேல சுத்தி ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டா என்ன குறைஞ்சுடும்?’னும் கேப்பீங்க. மண்ணும் மரமுமா வளைஞ்சு கொடுக்கிற சுவர் தலையில விறைப்பான கனத்தை ஏத்தினா, ஆட்டத்துல ரெண்டும் வேற வேற மாதிரி ஆடும், மேல இருக்கிறது கீழ இருக்கிறதை இடிச்சே நொறுக்கும். காஷ்டமண்டபத்துக்கு இரும்பும் கான்கிரீட்டும் வேண்டாம்னு ஊர்க்காரங்க சண்டை போட்டுத்தான் மரமும் மண்ணுமா எழுப்பினாங்க. 2022ல முடிஞ்சுது. அவங்களுக்குத் தெரியாதது முப்பது செகண்ட் ரீலுக்குத் தெரிஞ்சுடுச்சு போல.

2015ல நிலம் ஆடின அன்னிக்கு சனிக்கிழமை. மத்தியானம் காஷ்டமண்டபத்துக்குள்ள ரத்ததான முகாம் நடந்துட்டிருந்துச்சு. ரத்தம் கொடுக்க வந்தவங்க அந்த மரத்துக்கடியில செத்தாங்க. மண்ணைப் பத்தி என்ன வேணா எழுதிக்குங்க, அந்த மியூசிக்கையாவது எடுங்க.