"கர்த்தர் சொன்னார்" என்று சொல்வதற்கு முன்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி, இருபது வயது இருக்கும், பக்கத்தில் வந்து நின்றான். ஏதோ கேட்க வந்தவன் கேட்காமலே நாலைந்து நாற்காலிகளை எடுத்துக் கொடுத்தான். அப்புறம் மெதுவாக, "அண்ணா, எல்லாரும் கர்த்தர் என்னோட பேசினார்னு சாட்சி சொல்றாங்க. நான் எவ்வளவு ஜெபிச்சாலும் என்கிட்ட ஒண்ணுமே பேசுறதில்ல. என்கிட்ட ஏதாவது தப்பு இருக்கா?" என்றான்.

நின்றபடியே அவனுக்குச் சொன்னது கொஞ்சம்தான். மீதி ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

தேவன் பேசுகிறவர் என்பதை எடுத்துவிட்டால் கிறிஸ்தவ விசுவாசத்தில் மிச்சம் எதுவும் இல்லை. வேதத்தின் முதல் அதிகாரத்திலேயே அவர் பேசித்தான் வெளிச்சம் உண்டாகிறது. எரிந்தும் வெந்துபோகாத முட்செடியிலிருந்து மோசேயோடு பேசினார், சொப்பனத்தில் பேசினார், தேவனுடைய சித்தத்தை அறிய ஆசாரியர் வைத்திருந்த ஊரீம் தும்மீம் மூலம் பதில் கொடுத்தார், பிலேயாமுக்கு அவன் ஏறிவந்த கழுதையின் வாயாலேயே புத்தி சொன்னார். எபிரெயர் நிருபத்தை எழுதியவர் இதையெல்லாம் "பங்குபங்காகவும் வகைவகையாகவும்" என்று இரண்டே வார்த்தையில் அடக்கிவிட்டு, கடைசியாகக் குமாரன் மூலம் பேசினார் என்கிறார். அதாவது, தேவன் சொல்ல வந்ததை முழுசாகச் சொன்னது இயேசு என்கிற மனிதருக்குள் என்பதுதான் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. இது எல்லாச் சபைகளும் ஒத்துக்கொள்கிற இடம். அதற்குப் பிறகும் அவர் தனித்தனியாக ஆட்களோடு பேசுகிறாரா, பேசினால் எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம்.

ஆனால் அந்தத் தம்பிக்கு முதலில் சொல்ல வேண்டியது வேறு. வேதத்தில் தேவன் பேசின இடங்களை மட்டும் கோடு போட்டு வாசிப்பதால், அவர் தினமும் பேசிக்கொண்டே இருந்தார் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. ஆபிரகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரானைவிட்டுக் கிளம்பும்போது அவனுக்கு 75 வயது. இஸ்மவேல் பிறக்கும்போது 86. ஆதியாகமம் 16 அந்த வயதோடு முடிகிறது, 17 தொடங்கும்போது 99. நடுவில் 13 வருஷம், தேவன் ஒரு வார்த்தை பேசினதாகக்கூட எழுதப்படவில்லை. நாம் பக்கத்தைத் திருப்ப ஒரு நொடி ஆகிறது, அந்த மனிதர் அந்த 13 வருஷத்தையும் ஒவ்வொரு நாளாக வாழ்ந்தார். எஸ்தரின் புத்தகத்தை எபிரெய மூலத்தில் பார்த்தால் தேவனுடைய பெயரே இல்லை. கதறிக் கதறிக் கேட்ட யோபுவுக்கு 38ஆம் அதிகாரத்தில்தான் பதில் வருகிறது.

அடுத்தது சாமுவேல். இந்தக் கதையை சிறுவயதிலிருந்து கேட்டுக் கேட்டு அதில் இருக்கிற முக்கியமான விஷயத்தைத் தவறவிட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். கர்த்தர் கூப்பிடுகிறார், பையன் எழுந்து ஆசாரியர் ஏலியிடம் ஓடுகிறான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஆலயத்திலேயே படுத்திருக்கிற பையன், நிஜமாகவே கர்த்தர் கூப்பிடுகிறார், அப்படியும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இது கர்த்தர்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னது கண் மங்கிப்போன கிழவர் ஏலி. தன் பிள்ளைகளை அடக்கத் தெரியாத தகப்பன் அவர். கர்த்தர் அன்று ராத்திரி சொல்ல வந்த செய்தியே அவருடைய குடும்பத்துக்கு வரப்போகிற தண்டனை பற்றியது. அப்படிப்பட்ட ஆளிடம்தான் சாமுவேல் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டான். சத்தம் ஒருவனுக்குக் கேட்டது, அது யாருடைய சத்தம் என்று தெரிய இன்னொருவர் தேவைப்பட்டார்.

இதே மாதிரி அப்போஸ்தலர் 16ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். பவுலுக்கு ராத்திரியில் ஒரு தரிசனம், மக்கெதோனியா தேசத்து மனிதன் ஒருவன் நின்று, வந்து உதவி செய்யும் என்று கூப்பிடுகிறான். தரிசனம் கண்டது பவுல் ஒருவர்தான். ஆனால் அடுத்த வசனத்தில், கர்த்தர் எங்களை அழைத்தார் என்று நிச்சயித்துக்கொண்டு புறப்பட ஆயத்தமானோம் என்று பன்மையில் வருகிறது. தரிசனம் வந்த பிறகும் கூட உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள், பவுலாகவே இருந்தாலும்.

21ஆம் அதிகாரம் இன்னும் ஆழமானது. தீரு பட்டணத்து சீஷர்கள் எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று ஆவியின் ஏவுதலினாலே பவுலுக்குச் சொல்கிறார்கள். பவுலோ ஆவியில் கட்டுண்டவனாகப் போகிறேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். ஒரே ஆவி, இரண்டு பேச்சு! நான் புரிந்துகொள்வது இதுதான்: அங்கே உபத்திரவம் காத்திருக்கிறது என்பதை இரண்டு பக்கமும் சரியாகவே கேட்டார்கள். ஆகவே போகக்கூடாது என்பது அன்பினால் அவர்கள் சேர்த்துக்கொண்ட பகுதி. உத்தமமான விசுவாசிகளுக்கே தேவன் சொன்னது எது, தங்கள் ஆசை எது என்று கோடு கிழிப்பது இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு இழுத்து எழுதுகிறேன் என்றால், என் அம்மாவின் கடைசி நாட்களில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் ஜெபிக்க வந்தார். அம்மாவின் தலையில் கைவைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, இந்த வியாதி மரணத்துக்கு ஏதுவானதல்ல என்று கர்த்தர் சொல்கிறார் என்றார். நாங்கள் எல்லோரும் ஆமென் என்றோம், நான்தான் சத்தமாகச் சொன்னேன். ஆறு வாரம் கழித்து அம்மா போய்விட்டார். அந்த ஆறு வாரமும் வீட்டில் யாரும் மரணத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பேசினால் அவிசுவாசம் ஆகிவிடுமே! அம்மா ஒருநாள் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போயிட்டா..." என்று ஆரம்பித்தார். நான், அப்படியெல்லாம் பேசக்கூடாதும்மா, கர்த்தர் சொல்லியிருக்கார் என்று நிறுத்திவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

ஜெபித்தவர் அடக்கத்துக்கும் வந்திருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அம்மா பிழைக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டிருப்பார். தன் ஆசைக்குக் கர்த்தருடைய கையெழுத்தைப் போட்டுவிட்டார், அதுதான் என் வருத்தம்.

எரேமியா 28ஐ அதற்குப் பிறகுதான் நான் சரியாக வாசித்தேன். அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னும் நின்று, இரண்டு வருஷத்தில் பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்துவிடும் என்று கர்த்தர் சொல்கிறார் என்கிறான். எரேமியா முதலில் சொல்வது, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்று. அவருக்கும் அது உண்மையாக இருக்கவேண்டும் என்றுதான் ஆசை. பாபிலோனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோதும், உடனே பதிலுக்கு ஒரு "கர்த்தர் சொல்லுகிறார்" அவரிடமிருந்து வரவில்லை. பேசாமல் தன் வழியே போனார். வார்த்தை பிறகுதான் வந்தது. 42ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும் என்று கெஞ்சுகிறபோதும் பத்து நாள் கழித்துத்தான் பதில் வருகிறது. அந்தப் பத்து நாளும் எரேமியா வாயை மூடிக்கொண்டிருந்தார் பாருங்கள், தீர்க்கதரிசி என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

இப்போதும் தேவன் பேசுகிறாரா என்றால், பேசுகிறார் என்றே நம்புகிறேன். வேதம் எழுதி முடிந்ததோடு தீர்க்கதரிசனம் போன்ற வரங்கள் நின்றுவிட்டன, வசனம் ஒன்றே போதும் என்று சொல்கிற சபைகள் உண்டு. அவர்களுடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. 1906இல் லாஸ் ஏஞ்சலீஸ் அசூசா தெருவில் தொடங்கிய கூட்டங்களின் வழியில் வந்த பெந்தெகொஸ்தே சபைகள், ஆவியானவர் இன்றும் நேரடியாகப் பேசுகிறார் என்கின்றன. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மௌனமாக உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை, தேவன் எல்லோருக்குமாகத் தன்னை வெளிப்படுத்தியது, அதாவது பொது வெளிப்பாடு, கிறிஸ்துவோடு நிறைவடைந்துவிட்டது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் திரும்பவும் சொன்னது. தனிப்பட்ட காட்சிகளை விசாரிக்காமல் ஏற்பதில்லை. 1858இல் பிரான்ஸின் லூர்து நகரில் பெர்னதெத் என்ற சிறுமி கண்ட மரியாளின் காட்சிகளை அங்கீகரிக்க ஆயர் 1862வரை எடுத்துக்கொண்டார், அப்படி அங்கீகரித்த பிறகும் அதை நம்பியே ஆகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனால் அந்த நாலு வருஷப் பொறுமை எங்கள் சபைகளிலும் இருந்தால் நன்றாக இருக்கும்.

சரி, வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் தப்பே வராதா? வரும். தானியேல் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 1844 அக்டோபர் 22இல் இயேசு வருவார் என்று அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் கையிலும் வேதம்தான் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, பின்னாளில் சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனுக்கு நடந்தது. 386ஆம் வருஷம், மிலான், ஒரு வீட்டுத் தோட்டம். மனம் உடைந்து மரத்தடியில் அழுதுகொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து "எடுத்து வாசி, எடுத்து வாசி" என்று ஒரு குழந்தையின் குரல் பாட்டு மாதிரி கேட்கிறது. உடனே அவர் இது தேவனுடைய சத்தம் என்று குதிக்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டில் இப்படி ஒரு பாட்டு உண்டா என்று முதலில் யோசித்துப் பார்க்கிறார். அப்படி எதுவும் ஞாபகம் வராதபோதுதான் எழுந்து போய் பவுலின் நிருபங்களைத் திறக்கிறார், ரோமர் 13இன் கடைசி வசனங்கள் கண்ணில் படுகின்றன. பிறகு அதை நண்பர் அலிப்பியுஸிடம் காட்டுகிறார், அவர் அடுத்த வசனத்தையும் வாசித்துத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார். குழந்தையின் குரல், வேத வசனம், பக்கத்தில் ஒரு நண்பர். வானம் திறக்கவில்லை, ஆனால் அன்றோடு ஒரு வாழ்க்கை திரும்பியது.

"தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று சொன்ன பவுல்தான் அதே மூச்சில் "எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள்" என்கிறார். நாம் முதல் பாதியைச் சுவரில் மாட்டிவிட்டு இரண்டாவது பாதியைச் சொல்கிறவனை அவிசுவாசி என்கிறோம். கர்த்தர் சொன்னார் என்று சொல்கிறவர், தான் சொன்னது நடக்காமல் போனால் திரும்பி வந்து, நான் தவறாகக் கேட்டுவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்லவும் தயாராக இருக்கவேண்டும். அதிலும் இன்னொருவருடைய வியாதி, கல்யாணம், வேலை இதிலெல்லாம் கர்த்தருடைய பெயரை எடுத்துப் பேசுமுன் பத்து நாளாவது பொறுக்கலாம்.

மௌனத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்னை தெரசா 1946இல் ரயிலில் போகும்போது தனக்கு அழைப்பு வந்ததாகச் சொன்னார். அதன்பின் பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருளும் மௌனமும்தான் என்பது, அவர் மறைந்து பத்து வருஷம் கழித்து 2007இல் கடிதங்கள் புத்தகமாக வெளியானபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. ஒன்றும் கேட்காமலே அத்தனை வருஷம் தினமும் எழுந்து ஜெபித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அதனால் தம்பி, உனக்குக் கேட்கவில்லை என்பதை வைத்து உன்னிடம் தப்பு இருக்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அன்றைக்கு நாற்காலியெல்லாம் அடுக்கி முடித்துக் கிளம்பும்போது, அவன் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். "ஒரு மாசமா ஜெபிக்க உட்கார்ந்தாலே எங்க அண்ணன் முகம்தான் வருது. சண்டை போட்டுப் பேச்சு நின்னுபோச்சு. மனசு ஒருமுகப்படவே மாட்டேங்குது." அது கர்த்தர்தான் என்று நான் சொல்லவில்லை. மத்தேயு 5ஐத் திறந்து 23ஆம் 24ஆம் வசனத்தைக் காட்டினேன், பலிபீடத்தினிடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முன்பு சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற இடம். இரண்டு தரம் வாசித்தான், ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

வியாழக்கிழமை ராத்திரி அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. "பேசிட்டேன் அண்ணா" என்று மட்டும் இருந்தது.