முதல் நாளே சொல்லியிருக்கலாம்

சென்ற ஆண்டு சம்பா நடவு நேரம். ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் என் சித்தி மகள் வயலிலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்தாள். நகக்கண்ணில் சேறு இன்னும் காயவில்லை. ஓ.பி. சீட்டு நனைந்துவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையில் மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். இப்போது கர்ப்பத்தின் ஏழாவது வாரம். "இது வேண்டாம் அக்கா" என்றாள். நன்றாக யோசித்துத்தான் சொன்னாள்.

மருத்துவர் அடுத்த வாரம் வரச் சொன்னார். போனோம். கணவர் கையெழுத்து வேண்டும் என்றார். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவரும் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். அன்று வேறொரு காரணம். நடவுக் கூலி மூன்று நாள் போனது. அதற்குள் ஒன்பது வாரமும் கடந்துவிட்டது. மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது அறுவை அரங்கு வரை போனது. கடைசியில் ஒரு செவிலியர்தான் தாழ்ந்த குரலில் சொன்னார்: "டாக்டரம்மா இதைச் செய்யவே மாட்டார்கள். அவர்கள் நம்பிக்கை அப்படி."

அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். கருவைக் கலைக்கத் தன் கை வராது என்பவரின் கையைப் பிடித்து இழுக்க யாருக்கும் உரிமையில்லை. பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்கு விலக்குத் தருகிறது. பெண்ணின் உயிரைக் காக்கவோ, அவள் உடல்நலத்துக்கு மீளாத கடுங்கேடு வராமல் தடுக்கவோ தேவைப்படும்போது மட்டும் அந்த விலக்கு செல்லாது. நம் 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. சேர்த்தால் நான் ஆதரிப்பேன். ஆனால், மறுப்பவர் அதை முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், செய்யக்கூடிய இடத்தைக் காட்ட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்க வேண்டும்.

வயதுவந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும் என்றுதான் நம் சட்டம் சொல்கிறது. கணவரின் கையெழுத்து எங்கும் கேட்கப்படவில்லை. அப்படியானால் அந்த மருத்துவர் எங்களிடம் சொன்னது பொய். ஓர் உயிருக்காக இவ்வளவு அஞ்சுகிறவர், எதிரே சேற்றுக் காலோடு நின்றவளிடம் எப்படிப் பொய் சொன்னார்? இன்றுவரை எனக்கு ஆறவில்லை. கருவுக்கு வாரக் கணக்கு உண்டு என்பது எங்களைவிட அவருக்குத்தானே நன்றாகத் தெரியும்?

"என்னால் முடியாது அம்மா, வேறு இடம் பாருங்கள்" என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கே பஸ் ஏறித் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் போயிருப்போம்.