கூப்பிட்டால் பேச விடுங்கள்
ஜூலை 10 வந்தால் வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றி டிவியில் விவாதம் வைக்கிறார்கள், சரி, வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரையும் கூப்பிடுகிறார்கள், ஆனால் அவர் வாயைத் திறந்தால் போதும், நெறியாளர் குறுக்கே விழுகிறார். 1806-இல் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை என்று ஆரம்பித்து, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளிடம் அவர் வருவதற்குள் 'சுருக்கமா சொல்லுங்க சார்' என்று விளம்பரத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் கட்சிக்காரர்கள் கத்துவதற்கு மட்டும் நேரம் தாராளமாக இருக்கிறது! பேராசிரியருக்கு டிவி எதற்கு, வகுப்பை மட்டும் பார்க்கட்டும் என்பவர்கள் மீதும் எனக்குக் கோபம்தான். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கிளர்ச்சியை அடக்கியதை, காலேஜ் வாசலை மிதிக்காத எங்கள் அம்மா வேறு எங்கே கேட்பார்? பத்து நிமிஷமாவது முழுசாகப் பேச விடுங்கள்.