ஷென்சென்: வரிச்சலுகை பாதிக் கதைதான்

"சிறப்புப் பொருளாதார மண்டலம் என்றால் வரிச்சலுகை, அவ்வளவுதான். சீன நகரமான ஷென்சென் வளர்ந்ததும் அதனால்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. விட்டுப்போன பாதிதான் முக்கியமானது.

1980-இல் சீனா ஷென்சென், சூஹாய், ஷாந்தோ, ஷியாமென் என நான்கு மண்டலங்களை, அதாவது தனி விதிகளோடு தொழிலுக்கென ஒதுக்கிய பகுதிகளை, தொடங்கியது. வரி குறைவாக இருந்தது உண்மை. பக்கத்திலேயே ஹாங்காங் இருந்ததும் பெரிய உதவி. ஆனால் நாடு முழுக்கச் செய்யத் தயங்கிய மாற்றங்களை முதலில் அங்கேதான் செய்து பார்த்தார்கள்.

நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலப் பயன்பாட்டு உரிமையைக் கைமாற்ற அப்போதைய சீன அரசியலமைப்பில் இடமே இல்லை. 1987 டிசம்பரில் ஷென்சென் அதைப் பகிரங்கமாக ஏலம் விட்டது. சில மாதங்களிலேயே, 1988 ஏப்ரலில், அரசியலமைப்பையே திருத்தினார்கள். ஒரு நகரத்தில் செய்த சோதனை நாட்டின் அடிப்படைச் சட்டத்தை மாற்றிவிட்டது! இதை வரிச்சலுகை என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது. அப்புறம், ஒப்பந்த அடிப்படையில் வேலைக்கு எடுக்கும் முறையும் அங்கே பழகிய பிறகுதான் 1986-இல் அரசு நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நாடு முழுக்க வந்தது.

சலுகை மட்டும் போதும் என்றால் குஜராத்தின் காண்ட்லா ஏன் ஷென்சென் போல வளரவில்லை? 1965-இலேயே இந்தியா தொடங்கிய ஏற்றுமதி மண்டலம் அது, ஆசியாவிலேயே முதலாவது. சலுகைகள் அங்கேயும் இருந்தன. மண்டலத்தின் வேலிக்கு வெளியே, தொழில் தொடங்க அரசின் அனுமதி வேண்டும் என்ற உரிம முறையோ 1991 வரை பெரிதாக அசையவில்லை.